பெயர் பிசகினால் பில் கிடைக்காது

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், தீபாவளிச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்த சமயத்தில் நமது கடைக்கு ஜி.எஸ்.டி. அறிவிப்பு ஒன்று வந்தது. 2018-19 ஆண்டில் நாம் எடுத்த இன்புட் வரவில் ஒரு பில்லுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது விஷயம். எண்ணெய் டின் வாங்கிய பில். அதன் எண் 45. வரி பத்தாயிரத்துச் சொச்சம். பில்லைக் காட்டாவிட்டால் அந்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், 18 சதவீத வட்டியும் சேரும். அபராதமோ வரியில் 10 சதவீதம் அல்லது ரூ.10,000, இரண்டில் எது அதிகமோ அது. பில் கையில் இல்லாமல் இன்புட் எடுக்கக்கூடாது என்று சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. கணக்கையும் பில்லையும் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்று 36ஆவது பிரிவு சொல்கிறது. நமக்கு இதில் பயம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் எல்லா பில்லையும் ஸ்கேன் செய்து, ஆண்டு வாரியாகக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தோம். பில் எண்ணைத் தட்டினால் பில்லை எடுத்துத் தரும்படி எக்செல்லில் ஒரு மேக்ரோவும் இருந்தது.

கடையில் கணக்குப் பார்க்கும் தம்பி 45 என்று தட்டினார். பில் வந்தது. அச்சு எடுத்துப் பதிலோடு இணைத்து அனுப்பிவிட்டோம். சில நாளில் பதில் வந்தது. நீங்கள் இணைத்தது கேட்ட பில் அல்ல, நேரில் வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று. எடுத்துப் பார்த்தால் அதே வியாபாரி, அதே எண்ணெய், ஆனால் பில் எண் 1045. தம்பியைக் கேட்டால், “ஐயா, கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்ததைத்தான் வைத்தேன்” என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? கையெழுத்துப் போட்டவர்கள் நாம்தானே.

அன்று இரவு கடை சாத்திய பிறகு மகனும் நாமும் உட்கார்ந்து அந்த மேக்ரோவைப் பிரித்துப் பார்த்தோம். அதில் ‘டிர்’ என்று ஒரு கட்டளை. ஒரு ஃபோல்டரில் இன்ன பெயரில் ஃபைல் இருக்கிறதா என்று கேட்டால், இருந்தால் பெயரைச் சொல்லும், இல்லையென்றால் வெறுமையாகத் திரும்பும். எழுதிக் கொடுத்தவர் வசதிக்காக எண்ணின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டிருந்தார். நட்சத்திரம் என்றால் அந்த இடத்தில் எது இருந்தாலும் சரி என்று பொருள். ஆகவே 45 என்று கேட்டால் 45, 145, 450, 1045 எல்லாமே பொருந்தும். கட்டளையோ முதலில் அகப்பட்ட ஒன்றை மட்டுமே சொல்லும். மற்றவை வேண்டுமானால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பெயர்கள் எழுத்து வரிசையில் நிற்பதால் 1-இல் தொடங்கும் 1045 முதலில் வந்துவிட்டது.

சரி என்று நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, முழுப் பெயரையும் கொடுத்துக் கேட்டோம். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது! ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கிய பில், ஸ்கேன் செய்ததும் நினைவிருக்கிறது. காகித பில்லைத் தேடினால் அது சூட்டு அச்சுக் காகிதம், எழுத்து மங்கி வெள்ளையாகக் கிடந்தது. கடைசியில் ஃபோல்டரைத் திறந்து, விளக்கு வைத்துக் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். பெயரின் வாலில் பி.டி.எஃப். என்பது இரண்டு முறை இருந்தது. விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் வாலைக் காட்டாது. அது தெரியாமல் பெயர் வைத்தவர் தானும் ஒரு வால் சேர்த்திருக்கிறார். பார்வைக்கு ஒரு வால்தான் தெரியும்.

தளர்வாகத் தேடினால் தவறான பில், இறுக்கித் தேடினால் பில்லே இல்லை. பில்லை நேரில் கொண்டுபோய்க் காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தச் சங்கடம் நம் ஊருக்குப் புதிதல்ல. நகரத்தார் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஆகவே ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் பெயரை மட்டும் நம்பி உண்டியல் எழுதினால் என்ன ஆகும்? அதற்காகத்தான் விலாசம் என்று வைத்தார்கள். முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த அந்த எழுத்துகள்தான் கடையின் அடையாளம். இளையாற்றங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி என்று கோயிலையும், ஊரையும் சேர்த்துச் சொன்னால் ஆள் பிசக வழியில்லை. எமது தகப்பனார் அப்படிப்பட்ட ஒரு கடையில் பேரேடு எழுதியவர். ஒரு எழுத்து மாறினால் வேறு வீட்டுப் பற்றில் ஏறிவிடும் என்று சொல்லிச் சொல்லி எழுதப் பழக்கினார். இன்றைய விலாசம் ஜி.எஸ்.டி. எண்தான். 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். இரண்டு வியாபாரிக்கு ஒரே எண் வராது.

ஆகவே ஃபைல் பெயரை மாற்றினோம். முதலில் சரக்கு அனுப்பியவரின் ஜி.எஸ்.டி. எண், அடுத்து நிதியாண்டு, அடுத்து பில் எண். ஆண்டு ஏன் என்றால், 46ஆவது விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் மட்டும் திரும்ப வராமல் இருந்தால் போதும். அடுத்த ஏப்ரலில் மறுபடி 1 என்று தொடங்குவார்கள். அதே விதி பில் எண்ணில் எழுத்து, இலக்கம், சிறு கோடு, சாய்கோடு ஆகியவற்றை 16 இடங்களுக்குள் அனுமதிக்கிறது. சாய்கோட்டில்தான் சிக்கல். விண்டோஸில் ஃபைல் பெயரில் சாய்கோடு வைக்க முடியாது. முதலில் அதற்குப் பதில் சிறு கோடு போட்டோம். அப்புறம் யோசித்தால், ஒரே பில் புத்தகத்தில் 12/3 என்றும் 12-3 என்றும் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே சாய்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு போடுகிறோம். அடிக்கோடு பில் எண்ணில் வர விதியில் இடமே இல்லை, ஆகையால் மோதாது.

எக்செல் கட்டத்தில் பில் எண்ணைத் தட்டும்போது அது தன் இஷ்டத்துக்குத் திருத்தும் என்பதை வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டும். 0045 என்று தட்டினால் முன்னால் உள்ள சைபரை விழுங்கி 45 ஆக்கிவிடும். 3-4 என்று தட்டினால் ஏப்ரல் 3ஆம் தேதி ஆக்கிவிடும். 16 இலக்கமும் எண்ணாகவே இருந்தால் கடைசி இலக்கத்தைச் சைபர் ஆக்கிவிடும், அது 15 இலக்கம்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே தட்டும் முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன சைபர் திரும்பாது. இன்னொன்று, வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். ‘டிரிம்’ என்ற கட்டளை பெரும்பாலும் அதை நீக்கும். பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதம் விண்டோஸுக்கு இல்லை, ஆனால் மேக்ரோவில் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பேதம் பார்க்கும்.

தமிழிலேயே பெயர் வைத்தால் என்ன என்று எமக்கும் ஆசைதான். வைத்துப் பார்த்தோம். ‘டிர்’ கட்டளைக்குத் தமிழ் எழுத்து பிடிபடுவதில்லை, கேள்விக்குறியாகத் திருப்பித் தருகிறது. ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட் என்ற இன்னொரு வழியில் தமிழ்ப் பெயரும் வருகிறது. ஆனால் அங்கே வேறு வம்பு. நம் கடைப் பெயர்களில் பாதிக்கு முன்னால் ஸ்ரீ இருக்கும். யூனிகோடில் அந்த ஸ்ரீயை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம். 2005இல் சேர்த்த ஶ எழுத்தை வைத்து ஒரு விதம், பழைய ஸ எழுத்தை வைத்து ஒரு விதம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ‘கொ’ என்பதிலும் இப்படி இரு வகை உண்டு. கடைப்பலகையில் தமிழ் இருக்கட்டும், ஃபைல் பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணே போதும் என்று விட்டுவிட்டோம்.

தேடும் முறையையும் மாற்றினோம். ‘டிர்’ ஒரு ஃபோல்டருக்குள்தான் பார்க்கும், அதற்குள் இருக்கும் உள் ஃபோல்டருக்குப் போகாது. முன்பெல்லாம் ஃபைல்சர்ச் என்று ஒன்று இருந்தது, உள்ளே உள்ளே போய்த் தேடும். 2007 பதிப்பில் மைக்ரோசாப்ட் அதை எடுத்துவிட்டது. இப்போது நமது மேக்ரோ தேடுவதில்லை. எல்லா ஃபோல்டரையும் சுற்றி வந்து, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் பேரேடுபோல எழுதிவிடும். பெயர் ஒரு பத்தி, இடம் ஒரு பத்தி. தேடுவது அந்தத் தாளில் வி-லுக்-அப் மூலம். அதன் கடைசி இடத்தில் ஃபால்ஸ் என்று போட மறக்கக்கூடாது. விட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக் கொடுக்கும், மறுபடி 1045 கதைதான். கவுன்ட்-இஃப் போட்டால் ஒரே பெயர் இரண்டு ஃபோல்டரில் இருப்பதும் தெரிந்துவிடும். முதல் தடவை ஓட்டியபோது நமக்கே 31 இரட்டைகள் அகப்பட்டன. அதில் இரண்டு, ஒரே பில்லுக்கு இரண்டு முறை இன்புட் எடுத்தது. வட்டியோடு நாமே கட்டினோம்.

இந்த மேக்ரோவை அனுப்புங்கள் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். மெயிலில் வந்த மேக்ரோ ஃபைல் திறந்ததும் ஓடாது. 2022 முதல் இணையம் வழி வந்த மேக்ரோவை மைக்ரோசாப்ட் தடுத்து வைக்கிறது, நல்லதுதான். தெரியாதவர் அனுப்பிய மேக்ரோவைத் தடை நீக்கி ஓட்டுவது, தெரியாதவரிடம் கல்லாச் சாவியைக் கொடுப்பது. உங்கள் கடையிலேயே கணக்குத் தெரிந்த பிள்ளையை வைத்து எழுதச் சொல்லுங்கள், முப்பது வரிக்குள் முடியும். சேமிக்கும்போது எக்ஸ்.எல்.எஸ்.எம். வகையில் சேமியுங்கள். சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ போய்விடும்.

நமது கடையில் சனிக்கிழமை மாலை அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கிறோம். 2020 வரை உள்ள பழைய ஃபைல்களுக்குப் பெயர் மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. தம்பி நாளைக்கு நாற்பது, ஐம்பது என்று செய்துகொண்டிருக்கிறார்.