மருந்தைத் தாங்கும் இரத்த அணுக்கள்

1948-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தை அளித்ததன் பயனை வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் நம் நாட்டவரான எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். 10 குழந்தைகளிடத்தே நோய் தணிந்தது. ஆயினும் அத்தணிவு நிலைக்கவில்லை. நோயணுக்கள் மருந்தைத் தாங்கும் வன்மை பெறுதலை மருத்துவர்கள் அன்று முதல் கண்டு வருகின்றனர். அங்ஙனமாயின், நம் உடலின் நல்ல இரத்த அணுக்களும் இவ்வன்மையைப் பெறுமோ என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

இரத்த அணுக்கள் யாவும் எலும்பு மஜ்ஜையில் பிறப்பவை. செவ்வணு ஏறத்தாழ 120 நாட்களும், தட்டணு சுமார் 10 நாட்களும் வாழும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களுள் பெரும்பகுதி ஓரிரு நாட்களில் மடிந்துவிடும். ஆகவே இவற்றை ஈடுசெய்ய மஜ்ஜை ஓயாது உழைக்கிறது. புற்றுநோய் மருந்துகளுட் பல, விரைந்து பிரியும் அணுக்களையே பெரிதும் தாக்குவன. மருந்தேற்றிய ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வெள்ளணுக்கள் மிகக் குறைவதன் காரணம் இதுவே.

ஆனால் அவை மீண்டும் பெருகுகின்றனவே, எவ்வாறு? மஜ்ஜையிலுள்ள தாயணுக்களுட் பெரும்பாலன உறங்குவனபோல் ஓய்ந்திருக்கின்றன. மேலும், அவற்றுக்கு மற்றொரு காப்பும் உண்டு. 1976-இல் கனடாவின் டொரான்டோ நகரில் ஜூலியானோ, லிங் என்னும் விஞ்ஞானிகள், மருந்தைத் தாங்கும் அணுக்களின் மேலுறையில் ஒரு புரதத்தைக் கண்டனர். பி-கிளைக்கோபுரோட்டீன் எனப்படும் அது, படகினுள் புகுந்த நீரை இறைத்துக் கொட்டுவதுபோல், அணுவினுள் புகுந்த மருந்துகள் பலவற்றை வெளியே தள்ளுகிறது. இப்புரதம் நோயணுக்களுக்கு மட்டும் உரியதன்று. இரத்தத் தாயணுக்களிலும் இயற்கையாகவே அமைந்துள்ளது. நோயணுவிடம் இடையூறாகத் தோன்றும் அதே வன்மை, ஈண்டு நம்மைக் காப்பதாகிறது.

எனினும் இதற்கு மறுபுறமும் உண்டு. முதுமையில் சில தாயணுக்களின் மரபணுவில் மாறுதல்கள் தோன்றுகின்றன. மழை பொய்த்த வயலில் நெற்பயிர் வாட, வறட்சியைத் தாங்கும் கோரை பரவுவதுபோல், சிகிச்சையின்போது மாறுதலுற்ற அணுக்கள் பிழைத்துப் பெருகக்கூடும். சிகிச்சைக்குப்பின் இரத்தப் புற்றுநோயுற்றவர் சிலரிடம், டி.பி.53 என்னும் மரபணுவின் மாறுதல் சிகிச்சைக்கு முன்னரே சிற்றளவில் இருந்தமையை 2015-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பி.பி.எம்.1டி மரபணு மாறிய அணுக்கள் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளின் முன்னிலையில் ஓங்குவதை 2018-ஆம் ஆண்டு ஆய்வுகள் தெளிவாக்கின. ஆக, மருந்து எல்லா அணுக்களுக்கும் புதுவன்மையைப் பயிற்றுகிறது என்பதினும், முன்னரே வன்மையுற்றவற்றுக்கு இடமளிக்கிறது என்பதே பெரிதும் பொருந்தும்.

இதனைக் கேட்டு எவரும் சிகிச்சையை மறுத்தல் தகாது. இத்தகைய பின்விளைவு சிலருக்கே நேர்வது. விட்டுவைத்த நோயோ உயிரையே கொள்ளும். ஒவ்வொரு தவணைக்கு முன்னும் இரத்தச் சோதனை செய்துகொள்வதும், சிகிச்சை முடிந்து ஆண்டுகள் சென்ற பின்னும் மருத்துவர் குறித்த நாளில் சோதனைக்குச் செல்வதும் இன்றியமையாதன. வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாட்களில் உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட் பாகையை எட்டினால், காலை வரட்டும் என்று காத்திராது, அப்பொழுதே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். மஜ்ஜை தன் கடமையைச் செய்து முடிக்குமளவும் நோயாளியைக் காத்து நிற்பது உற்றார் பொறுப்பாகும்.