நூற்றெட்டு மணிகளும் நிமிடத்திற்கு ஆறு மூச்சும்

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு பிற்பகல். நிலையமொன்றின் முன்பதிவுச் சாளரத்தில் யாம் அமர்ந்திருந்தோம். வெளியே அனல் காற்று. உள்ளே வரிசை வாயிலையும் கடந்து நீண்டிருந்தது. கணிப்பொறி அன்று இருமுறை நின்றுபோயிற்று. அவ்வேளையில் முதியவர் ஒருவர், வண்டியின் எண்ணை எழுதாமலே படிவத்தை நீட்டினார். எண் என்னவென்று கேட்டோம்; அவர் காதில் விழவில்லை. மறுபடியும் கேட்டோம். மூன்றாம் முறை கேட்கவில்லை, கத்தினோம். படிவத்தை அவர் பக்கம் வீசினோம். அவர் குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை மீண்டும் வருவதற்குள் எம் பணிநேரம் முடிந்துவிட்டது.

அன்று மாலை யாம் வீட்டு வாயிலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும், ஏழு வயதான எம் மகள் தன் பாட்டியின் பின்னால் போய் நின்றுகொண்டாள். “பாட்டி, அப்பா இன்னிக்குக் கோபமா?” என்று அவள் மெல்லக் கேட்டது எமக்கும் கேட்டது. ஒரு நாட் கோபத்தினால் குழந்தைக்கு அப்படிக் கேட்கும் வழக்கம் வந்திராது. பல மாதங்களாக அவள் கேட்டு வந்திருக்கிறாள், யாம்தாம் அறியவில்லை.

இரவு உணவிற்குப் பின் எம் அன்னையார் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து எம் முன்னே வைத்தார். உள்ளே அவருடைய துளசி மணிமாலை அறுந்து உதிரியாய்க் கிடந்தது. “உன் கோபத்துக்கு எனக்கு மருந்து தெரியாதுப்பா. இது அறுந்து மூணு மாசமாச்சு. கோத்துக் குடு, போதும்” என்றார்.

அந்த மாலையைக் கோத்த இரண்டு இரவுகளில் யாம் கற்றதையே இங்கு எழுதத் துணிந்தோம். தில்லியைப் போன்ற நகரங்களில் அவசரமே வாழ்வாகிவிட்ட நம் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்பது எம் நம்பிக்கை.

துளசிக் காட்டில் வாங்கிய மாலை

அம்மாலை பிருந்தாவனத்தில் வாங்கியது. தில்லியிலிருந்து மதுராவிற்கு ரயிலில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அங்கிருந்து சிறிது தொலைவிலேயே பிருந்தாவனம். ‘பிருந்தா’ என்பது துளசியின் பெயர். ஊரின் பெயருக்கே துளசிக் காடு என்பதுதான் பொருள்.

நம்மவர் அங்குச் சென்றால் முதலில் நாடுவது ரங்கநாதர் கோயிலையே. வடநாட்டார் அதனை ‘ரங்ஜீ மந்திர்’ என்பர். மதுராவின் செல்வக் குடும்பம் ஒன்று தென்னாட்டு முறையில் எழுப்பிய அக்கோயில் 1851-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. யமுனைக் கரையில் நம் ஊர்க் கோபுரத்தைக் கண்டபோது எம் அன்னையார் சிறிது நேரம் பேசாமல் நின்றார். உள்ளே ரங்கமன்னாருடன் எழுந்தருளியிருப்பவள் நம் கோதை நாச்சியார். ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் கண்டெடுக்கப்பட்டவள். மாலை தொடுத்துத் தான் சூடிப் பின் கொடுத்தவள். துளசிக்கும் மாலைக்கும் உரிய அவளை வணங்கிவிட்டுக் கடைத்தெருவிற்கு வந்தால், கடைதோறும் தொங்குபவை துளசி மணிமாலைகளே.

ஒரு சந்தில் கைவினைஞர் ஒருவர் தரையில் அமர்ந்து மணி கடைந்துகொண்டிருந்தார். காய்ந்த துளசித் தண்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நடுவே துளையிட்டு, வில்லைப் போன்றதொரு கோலால் கயிற்றை இழுத்து இழுத்துச் சுழற்றி, உளியால் உருட்டி எடுத்தார். இப்போது மின்சாரப் பொறியில் கடைவாரே மிகுதி. வேறு மரத்தில் கடைந்ததைத் துளசி என்று விற்பாரும் உண்டு. ஆதலின் தெரிந்தவரிடம் வாங்குதல் நலம். கையால் கடைந்த மணிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று சற்றே பருத்தும், ஒன்று ஒரு பக்கம் சரிந்தும் இருக்கும். அதனைக் குறையென்று அன்று எண்ணினோம். அதுவே நன்மை என்பதைப் பின்னர் உணர்ந்தோம். ஒரே அளவான மணிகளின்மேல் விரல் கருத்தின்றி வழுக்கிச் செல்லும். வேறுபட்ட மணியோ ஒவ்வொரு முறையும் விரலை விழிக்கச் செய்யும்.

இரண்டு இரவுகள்

ஜபமாலைக்கு மணிகள் 108. அவற்றிற்குத் தலையாக ‘மேரு’ என்னும் மணி ஒன்று. இருபத்தேழு நட்சத்திரங்களுக்கு நந்நான்கு பாதங்களாக 108 என்று பெரியோர் கணக்குச் சொல்வர்.

கோக்கும் முறை எளிதே. உறுதியான பருத்தி நூலை, மாலையின் நீளத்தைப்போல் மூன்று மடங்கிற்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். நுனியில் சிறிது மெழுகு தடவினால் ஊசி இல்லாமலே துளையில் நுழையும். மணிக்கும் மணிக்கும் இடையே ஒரு முடிச்சு. முடிச்சு இறுகுவதற்கு முன் அதனை ஊசி முனையால் மணியின் அருகே தள்ளிப் பின்னர் இறுக்க வேண்டும். முடிச்சிட்ட மாலை ஓரிடத்தில் அறுந்தாலும் மணிகள் உதிர்ந்தோடா. ஒன்றோடொன்று உராய்ந்து தேயவும் மாட்டா. எம் அன்னையாரின் பழைய மாலையில் முடிச்சுகள் இல்லை. ஆகையால்தான் அது டப்பாவிற்குப் போயிற்று.

முதல் இரவு பத்து மணிகளுக்குள் நான்கு முடிச்சுகள் தவறான இடத்தில் விழுந்தன. அவசரத்தில் இறுக்கிய முடிச்சை அவிழ்ப்பதற்கு, அதனைப் போட்ட நேரத்தைப்போல் பத்து மடங்கு ஆகிறது. நூல் எம்மிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை; எம் கோபத்திற்கு அஞ்சவும் இல்லை. வேறு வழியின்றி யாமே மெதுவானோம்.

இரண்டாம் இரவு மகள் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அருகில் வந்து, மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். எண்ணிக்கொண்டே கொடுத்தாள். இருபது வரையில் தமிழ் வந்தது. அதற்கு மேல் ‘இக்கீஸ், பாயீஸ்’ என்று இந்திக்குத் தாவிவிட்டாள். பாட்டி படுக்கையில் இருந்தபடியே “இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு” என்று திருத்தினார். அன்று அறுபதாம் மணி அளவில் எம் மூச்சு நீண்டு அமைதியாய் ஓடிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகக் கவனித்தோம். பல நாட்களில் முதல்முறையாகத் தோள்கள் தளர்ந்திருந்தன.

மூச்சின் கணக்கு

இது மனப்பிரமையோ என்று ஐயுற்று, நூல்களில் தேடினோம். இத்தாலி நாட்டு மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் இதனை ஆராய்ந்து, 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டிருக்கின்றனர். உடல்நலமுள்ள 23 பேரை ஜபமாலைச் செபத்தை இலத்தீன் மொழியிலும், மந்திரம் ஒன்றை யோக முறையிலும் ஓதச் செய்து, அவர்களின் மூச்சையும் இதய ஓட்டத்தையும் அளந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. சமயம் வேறு, மொழி வேறு. மூச்சின் அளவு மட்டும் ஒன்றாயிருந்தது.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறார். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. விடும்போது ‘வேகஸ்’ என்னும் நரம்பின் ஆட்சி ஓங்கி, இதயம் சற்றுத் தணிகிறது. ஆகவே விடும் மூச்சு நீண்டால் தணியும் நேரமும் நீள்கிறது. இன்னொன்றும் உண்டு. குருதியழுத்தம் தன் இயல்பிலேயே சுமார் பத்து விநாடிக்கு ஒருமுறை சிறிது ஏறி இறங்குகிறது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்றானால், இரு வண்டிகளின் நேரம் ஒரு சந்திப்பில் பொருந்துவதுபோல் இரண்டு அலைகளும் பொருந்திவிடுகின்றன. அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் ஏற்பாடு அப்போது நன்கு வேலை செய்கிறது என்பது மேற்சொன்ன ஆய்வின் முடிவு.

எமது தொழிலே கணக்காதலால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணி ஒன்றுக்கு மூச்சு ஒன்று; மூச்சு ஒன்றுக்குப் பத்து விநாடி. முழு மாலைக்குப் பதினெட்டு நிமிடம். கால் மாலையாகிய 27 மணிகளுக்கு நாலரை நிமிடம். நாலரை நிமிடம் இல்லாத மனிதர் எவரும் இலர்.

செய்யும் முறை

முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து அமர்க. மாலையை வலக்கை நடுவிரலின்மேல் தொங்கவிட்டுக் கட்டைவிரலால் மணியைத் தள்ளுவது மரபு, சுட்டுவிரல் படுவதில்லை. மூக்கால் மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுக. மூச்சு முழுதும் வெளியேறிய பின்னரே அடுத்த மணிக்குப் போக வேண்டும். மேரு வந்ததும் அதனைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்வர்.

எண்ணுவதற்குப் பதிலாக அவரவர் வழிபடும் பெயரைச் சொல்லலாம். எம் குடியிருப்பில் இஸ்லாமிய அன்பர் ஒருவர் தொழுகைக்குப் பின் தம் தஸ்பீஹ் மாலையில் முப்பத்து மூன்று முப்பத்து மூன்றாக எண்ணுவார். எதிர் வீட்டுக் கிறித்தவ அம்மையார் பத்துப் பத்தாகச் செபிப்பார். பெயர் எதுவும் வேண்டாதவருக்கு எண்ணே போதும்.

இங்கே ஒரு தவறு நேர்வதுண்டு, எமக்கும் நேர்ந்தது. மெதுவாக மூச்சுவிடுதல் வேறு, ஆழமாக மூச்சுவிடுதல் வேறு. மார்பு புடைக்க இழுத்தால் தலை சுற்றும். விரல் நுனி மரக்கும். இயல்பான அளவு மூச்சையே மெல்ல இழுத்து மெல்ல விட வேண்டும். பத்து விநாடி கடினமானால் ஏழில் தொடங்குக. உடலே மெல்ல நீட்டிக்கொள்ளும். மூச்சை உள்ளே நிறுத்தும் பயிற்சி வேறு வகை. திருமூலர் திருமந்திரத்தில் பிராணாயாமத்திற்கென்றே ஒரு பகுதி வகுத்திருக்கிறார். அதனை ஆசிரியரிடமே கற்க வேண்டும். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. மணி உருட்டுகிறோம் என்று குருதியழுத்த மாத்திரையை நிறுத்துவது பேதைமை.

வீட்டிலேயே மாலை கோக்க விரும்புவோருக்கு மற்றோர் எச்சரிக்கை. உருத்திராக்கம் நன்று, அதற்கு நடுவே இயற்கையான துளையே உண்டு. தாமரை விதையும் சந்தன மணியும் நன்று. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் குன்றிமணியை மட்டும் துளையிட்டுக் கோக்க வேண்டா. அதன் ஓட்டிற்குள் கொடிய நஞ்சு உள்ளது. ஓடு உடைந்த குன்றிமணியைக் குழந்தை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ‘ஏப்ரஸ் பிரிகடோரியஸ்’ என்னும் அதன் தாவரப் பெயரின் பிற்பாதி, பிரார்த்தனைக்குரிய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செபமாலையாகவே அது பயன்பட்டிருக்கிறது. ஆயினும் குழந்தைகள் உள்ள வீட்டிற்கு ஆகாது.

துளசி மணியை நீரில் ஊறவிடலாகாது, வெடிக்கும். எப்போதேனும் ஒரு துளி நல்லெண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

இப்போது

மாலையை அன்னையாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எமக்கென்று 27 மணிகளில் சிறு மாலை ஒன்றைக் கோத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். பணிக்கு அமரும் முன் ஒரு சுற்று. வீட்டுப் படியேறும் முன் ஒரு சுற்று. சாளரத்தில் இருக்கும்போது, பொறி சீட்டை அச்சிட்டுத் தரும் இடைவெளியில் ஒரு மூச்சு.

கோபம் அடியோடு போய்விட்டதென்று எழுதினால் அது பொய். இவ்வாண்டிலும் இருமுறை குரல் உயர்ந்தது. ஆயினும் வாய் திறப்பதற்குள் கை சட்டைப் பைக்குப் போகும் நாட்கள் மிகுதியாகிவிட்டன. அந்தப் பத்து விநாடியில் எதிரே நிற்பவரின் முகம் தெரிகிறது. படிவத்தில் எண் விடுபட்டிருந்தால் யாமே எழுதிவிடுகிறோம்.

அந்த முதியவரை மறுபடி யாம் காணவில்லை. நரைத்த தலை ஒன்று வரிசையில் தெரியும்போதெல்லாம் அவர்தாமோ என்று எட்டிப் பார்க்கிறோம். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் எம்மிடமே இருக்கிறது.

அன்பர்களே, நூலும் மணியும் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டாரோடு அமர்ந்து கோத்துப் பாருங்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மணி எடுத்துக் கொடுக்கும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள்; எண்ணுவது தமிழிலேயே ஆகட்டும்.

எம் மகள் இப்போது இரவில் பாட்டியின் அருகே படுத்து, அவர் உருட்டும் மணிகளை எண்ணுகிறாள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டுவதற்குள் உறங்கிவிடுவாள். சென்ற வாரம் உறங்காமல் இறுதி வரை வந்தாள். “நூத்தியேழு, நூத்தியெட்டு” என்று முடித்துவிட்டு, “அப்பா, இன்னொரு தடவை நீங்க பண்ணுங்க, நான் எண்றேன்” என்றாள்.