காரீயக் குண்டும் தோட்டாவின் நீளமும்

தோட்டா என்பது ஒரு பொருளன்று. நான்கு பொருள்களின் சேர்க்கையாம். பித்தளைக் குப்பி, அதன் அடியிற் பதித்த கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயிற் செருகிய குண்டு என்பன அவை. குப்பியின் அடிமுதல் குண்டின் நுனிவரை உள்ள அளவே தோட்டாவின் முழுநீளமெனப்படும். இச்சிறு அளவைப் பற்றி ஒரு கட்டுரையா என வாசகர் வியக்கலாம். யாமும் முதலில் அவ்வாறே வியந்தோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டையாடுவோரும் குறி சுடுவோருமாகிய பலர், வெடித்த குப்பியை எறிந்துவிடாது வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்கின்றனர். அவருட் சிலர் செப்புக் கவசமிட்ட குண்டை விலைக்கு வாங்காது, காரீயத்தை உருக்கி அச்சில் வார்த்துத் தாமே குண்டு செய்வர். தனிக் காரீயம் மிக மெல்லியதாகலின், நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளீயமும் ஐந்து பங்கு ஆண்டிமனியும் கூட்டுவது ஒரு வழக்கு. அச்சுக்கூடங்கள் லைனோடைப் பொறியைக் கைவிட்ட காலத்தில், அப்பொறிக்குரிய உலோகத்தை இவர்கள் விரும்பி வாங்கினர்; எழுத்தாயிருந்தது குண்டாயிற்று!

இவர்க்கு முதலில் எழும் ஐயம், குண்டைக் குப்பியுள் எவ்வளவு ஆழம் செருகுவது என்பதே. அமெரிக்கப் படையினர் 1906-ஆம் ஆண்டில் மேற்கொண்ட ‘30-06’ என்னும் தோட்டாவிற்கு நூல்கள் கூறும் நீளம் 3.340 அங்குலம். புதியோர் பலர் இதனை மாறாக் கட்டளையென மயங்குவர். உண்மையில் இது மேலெல்லை மாத்திரமே. எத்தொழிற்சாலையில் செய்த தோட்டாவும் அவ்வகை ரைபிள் எதனுள்ளும் தடையின்றிப் புகவேண்டுமென்று வகுத்தது. நாம் வார்த்த குண்டு நம் குழலில் எங்கே நிற்கவேண்டுமென்பதை அது கூறாது. அதனைக் குழலே கூறவேண்டும்.

எவ்வாறெனின், ரைபிளின் குழலுள் திருகுபோற் சுற்றிச் செல்லும் பள்ளங்களும் அவற்றிடையே மேடுகளும் உண்டு. 30-06 குழலில் மேட்டிற்கு மேடு 0.300 அங்குலம், பள்ளத்திற்குப் பள்ளம் 0.308. வார்த்த குண்டு பள்ளத்தை நன்கு அடைக்கவேண்டி, அதனினும் ஓரிரு ஆயிரத்திலொரு பங்கு அங்குலம் பருத்திருத்தல் நலம். தோட்டா அமரும் அறைக்கும் அம்மேடுகள் தொடங்குமிடத்திற்கும் இடையிலுள்ள பகுதியைத் தொண்டை என்பர். குண்டு குப்பியை விட்டகன்று மேடுகளைத் தொடுமுன் அத்தொண்டையில் சிறிது தூரம் பிடிப்பின்றிப் பாய்கின்றது. கவசமிட்ட குண்டு இப்பாய்ச்சலைப் பெரும்பாலும் பொறுக்கும். காரீயமோ மென்மையுடையது. சற்றே சாய்ந்து புகினும் ஒருபுறம் தேய்ந்து, சாய்ந்தவாறே செல்லும். தொண்டையைக் குண்டு நிறைக்கவில்லையாயின் கனல்வாயு அதன் விலாவை அரித்துக்கொண்டு முந்தும். அரித்த ஈயம் குழலில் படியும். குழலின் புரி 10 அங்குலத்திற்கு ஒரு சுற்று. எனவே விநாடிக்கு 1,800 அடி செல்லும் குண்டு விநாடிக்கு 2,160 முறை சுழலும். அவ்வேகத்தில் அணுவளவு கோணலும் குறியைக் கெடுக்குமன்றோ?

வெண்பாவில் சீர்கள் தனித்தனியே செவ்வனே அமைந்தும், ஒன்றோடொன்று சேருமிடத்தில் தளை தட்டுவதுண்டு. இங்கும் பிழை குண்டிலுமில்லை, குழலிலுமில்லை. அவை கூடுமிடத்திலேயே உள்ளது.

ஆகவே தேர்ந்தோர் செய்வது யாதெனின், மருந்தும் கேப்புமில்லாத வெறுங்குப்பியில் குண்டை வேண்டுமென்றே வெளிநீள இலேசாகச் செருகி, ரைபிளினுள் வைத்துப் பூட்டுவர். மேடுகள் குண்டைப் பின்தள்ளும். பின் மெல்ல வெளியே எடுத்து, குண்டின்மேற் பதிந்த வரிகளை நோக்கி நீளத்தை அளப்பர். அதனினும் ஒரு சிறிது குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. குண்டு மேடுகளில் இறுகிக் கடித்திருப்பின், சுடாத தோட்டாவைத் திரும்ப எடுக்கும்போது குப்பி மாத்திரம் கையில் வரும்; குண்டு குழலில் தங்க, மருந்து பொறியெங்கும் சிந்தும். அதனை அறியாது மற்றொரு தோட்டாவை இட்டுச் சுட்டால், குழல் பிளந்து சுடுவோனுக்கே கேடு விளையும்.

நீளத்தைக் குறைப்பதிலும் ஓர் எல்லையுண்டு. குண்டின் அடி குப்பியின் கழுத்தைக் கடந்து மருந்தறைக்குள் தொங்கலாகாது. மேலும், ஆழச் செருகினால் மருந்திற்குரிய இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். மேடுகளைத் தொடவைத்தாலும் அழுத்தம் ஏறும். எனவே நீளத்தை எப்பக்கம் மாற்றினும், நூல் கூறும் மிகக்குறைந்த மருந்தினின்றே மீண்டும் தொடங்குதல் வேண்டும். நிறுக்கும் தராசைவிட அளக்கும் கோலை அசட்டை செய்வோரே மிகுதி என எமக்குத் தோன்றுகிறது.

இத்தொல்லையையே அகற்றினார் சிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவிற் குடியேறிய ஜெர்மானியர் ஷூட்ஸன் என்னும் குறிசுடும் போட்டிகளை நடத்தினர். நின்றபடியே 200 கஜத் தொலைவிற் சுடவேண்டும். அவருட் பலர் குண்டைக் குப்பியிற் செருகுவதே இல்லை. ஒரு கருவியால் குண்டை மேடுகளுள் நேராக அழுத்திவிட்டு, அதன் பின்னே மருந்து நிரப்பிய குப்பியை வைப்பர். புகழ்பெற்ற குழல்வினைஞர் ஹாரி போப் என்பவரின் முறையிலோ, குண்டு குழலின் முன்வாயிலிருந்தே உட்செலுத்தப்படும். இவர்கள் தோட்டாவிற்கு முழுநீளம் என்பதொன்றே இல்லை. ஆயின் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டே சுடலாகும், பொறுமை மிகவேண்டும்.

மாகஸினிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுட விழைவோர் அளவுகோலையே நம்பவேண்டும். அதுவும் ஒருமுறை அளந்து அமைதல் போதாது. சூட்டினால் தொண்டை தேயத்தேய மேடுகள் முன்னோக்கி நகரும். ஆயிரக்கணக்கில் வெடித்த குழலுக்கு, அது புதிதாயிருந்தபோது குறித்த நீளம் பொருந்தாது.