இறக்கையசைத்துப் பதில் சொல்லும் விமானங்கள்

பண்பலை வரிசை 108 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. அதற்குச் சற்று மேலே, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் அதற்கு உரிமம் வேண்டாம், கையடக்க ஸ்கேனர் போதும்.

அவர்களுக்கு உண்மையான விருந்து, ஜூலை இறுதியில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் நடக்கும் விமானத் திருவிழா. அந்த வாரத்தில் சுமார் 10,000 விமானங்கள் வருகின்றன. எல்லா விமானிகளும் பேசினால் அலைவரிசை தாங்காது. அதனால் அருகிலுள்ள ஃபிஸ்க் என்ற சிற்றூரில் கட்டுப்பாட்டாளர்கள் தரையில் நின்று, பைனாகுலரில் பார்த்து, நிறத்தைச் சொல்லியே கூப்பிடுவார்கள்: “நீல விமானமே, இறக்கையை ஆட்டுங்கள்!” விமானி வாய் திறப்பதில்லை. இறக்கை ஆடினால் அதுவே பதில். ஓடுபாதையில் எந்த வண்ணப் புள்ளியில் இறங்க வேண்டும் என்பதும் வானொலியிலேயே வரும். இவ்வளவு நெரிசலிலும் பதறாத அந்தக் குரல்களைக் கேட்பது அருமையான அனுபவம்.

பிரிட்டனிலோ இப்படிக் கேட்பது சட்டப்படி குற்றம். ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும், அங்குள்ள சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகே ஸ்கேனர் வாங்குங்கள்.