வகுத்தால் 75, ஏற்றினால் 63

வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொன்னால் போதும். அது எத்தனை டி-1, எத்தனை இ-1, எத்தனை எஸ்.டி.எம்-1 தொலைத்தொடர்பு இணைப்பு என்று அலகு மாற்றும் கணிப்பான்கள் நொடியில் சொல்லிவிடும். ஒரு எஸ்.டி.எம்-1 இணைப்பின் வேகம் 155.52 மெகாபிட், இ-1 இணைப்பின் வேகம் 2.048 மெகாபிட். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 75.94 வரும். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்த எஸ்.டி.எம்-1 வழியாக அனுப்ப முடிவது 63 இ-1 மட்டுமே. கிட்டத்தட்ட பதின்மூன்று குறைவதற்குக் காரணம், இவை கிலோ, லிட்டர் போன்ற அளவைகள் அல்ல என்பதுதான். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் கட்டிய பெட்டி. பெட்டிக்குள் பெட்டி எத்தனை கொள்ளும் என்பதை வகுத்தல் மட்டும் சொல்லிவிடாது.

இந்தப் பெட்டிகளின் அளவை முதலில் தீர்மானித்தது மனிதக் குரல். பேச்சு புரிய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி போதும் என்பதால், தொலைபேசித் துறை ஒரு குரலுக்கு 4,000 ஹெர்ட்ஸ் ஒதுக்கியது. ஓர் அலையைச் சிதையாமல் மீட்க, அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு மாதிரிகள் வேண்டும். ஆக வினாடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட், மொத்தம் 64,000 பிட். குரலை இப்படி எண்களாக்கும் யோசனை பிரிட்டிஷ் பொறியாளர் அலெக் ரீவ்ஸுக்கு 1937இல் பாரிஸில் பணியாற்றியபோது உதித்தது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1962இல் அதை டி-1 என்ற பெயரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குரலுக்கு ஒரு மாதிரி என 24 குரல்களுக்கு ஒரு சுற்றில் 192 பிட். ஒவ்வொரு சுற்றும் எங்கே தொடங்குகிறது என்று காட்ட இன்னும் ஒரு பிட். இந்த 193 பிட் வினாடிக்கு 8,000 முறை போவதால் டி-1இன் வேகம் 1.544 மெகாபிட். ஐரோப்பா 32 இடங்கள் கொண்ட இ-1ஐ வடிவமைத்துக்கொண்டது. அதில் ஓர் இடம் ஒத்திசைவுக்கு, ஓர் இடம் அழைப்புச் சமிக்ஞைக்கு, மீதி 30 குரலுக்கு. இந்தியாவும் இதையே ஏற்றது. நம் அலுவலகங்கள் வாங்கும் பி.ஆர்.ஐ. எனும் இ-1 தொலைபேசி லைனில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் பேச முடிவது அதனால்தான்.

இப்போது அந்த 63க்கு வருவோம். எஸ்.டி.எம்-1இன் ஒரு ஃபிரேம் 9 வரிசை, 270 பத்தி கொண்ட கட்டம். அதன் ஒவ்வோர் அறையிலும் ஒரு பைட். இதுவும் வினாடிக்கு 8,000 முறை போகிறது. முதல் 9 பத்திகள் இணைப்பைக் கண்காணிக்கும் தகவல்களுக்கே போய்விடும். ஓர் இ-1க்கு ஒரு சுற்றில் 32 பைட் போதும் என்றாலும், ஒதுக்கப்படுவது 4 பத்தி, அதாவது 36 பைட். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் இ-1களின் கடிகாரங்கள் இம்மியளவு முன்பின்னாக ஓடும். அந்த வேறுபாட்டைத் தாங்கவும், வழியில் பிழை நேர்ந்ததா என்று பார்க்கவும் இந்தக் கூடுதல் இடம் வேண்டும். இப்படி மூன்று சேர்ந்து ஒரு சிறு தொகுதி, ஏழு சிறு தொகுதிகள் சேர்ந்து ஒரு பெருந்தொகுதி, ஒரு ஃபிரேமில் மூன்று பெருந்தொகுதிகள்: 3 × 7 × 3 = 63. அமெரிக்க முறையிலும் இதே கதைதான். 44.736 மெகாபிட் கொண்ட டி-3ஐ டி-1ஆல் வகுத்தால் 28.97, உள்ளே போவது 28.

அப்படியானால் கணிப்பான் எப்போதும் கூட்டியே சொல்லும், கொஞ்சம் கழித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கலாம். அதுவும் சரியல்ல. 100 மெகாபிட் ஈதர்நெட்டை இதே வலையமைப்பில் அனுப்ப எத்தனை இ-1 அளவுப் பெட்டிகள் வேண்டும்? 2.048ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 49. உண்மையில் 46 போதும். இ-1ஐ வைக்காமல் தரவை நேரடியாக நிரப்பினால், அதே பெட்டிக்குள் 2.176 மெகாபிட் இடம் கிடைக்கிறது. எதை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து விடை கூடவும் செய்கிறது, குறையவும் செய்கிறது.

தோராயமாகத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். வீட்டு இணைய வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குப் போதும். ஆனால் 75 இ-1 போகும் என்று நம்பி ஒரே ஒரு எஸ்.டி.எம்-1 வாங்கும் நிறுவனத்துக்கு 12 இணைப்புகள் நடுத்தெருவில் நிற்கும். அவற்றுக்கு இன்னொரு எஸ்.டி.எம்-1 வாங்க வேண்டியிருக்கும். எல்லாம் ஈதர்நெட்டுக்கு மாறிவிட்ட காலத்தில் இந்தப் பழைய அலகுகள் எதற்கு என்ற கேள்வி இன்னும் வலுவானது. புதிய இணைப்புகளை யாரும் இ-1 கணக்கில் திட்டமிடுவதில்லை என்பதும் பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் வீடுகளுக்கு ஃபைபர் இணையம் தரும் ஜி-பான் தொழில்நுட்பத்தின் இறங்குவேகம் 2.48832 கிகாபிட், இது துல்லியமாகப் பதினாறு எஸ்.டி.எம்-1. அதன் ஃபிரேமும் வினாடிக்கு 8,000 முறையே போகிறது. அங்கேயும் இணைப்பைக் கண்காணிக்கும் தகவல்களும் பிழைதிருத்த பிட்களும் போக மிச்சம்தான் வாடிக்கையாளர்களுக்குப் பங்காகிறது. ஆகவே அலகு மாற்றும்போது முதலில் எந்தப் பெட்டி, அதில் எதை ஏற்றப்போகிறோம், அதற்கு உள்ளே கிடைக்கும் இடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வகுத்தலும் முழுமையாக்கலும் அதற்குப் பிறகு. கணிப்பான் தரும் தசம எண்ணை வைத்து விலை விசாரிக்கலாம். ஆர்டர் போட முடியாது.