கதவடைத்த பெருநாளில் கண்ட இல்லறம்

2021 பிப்ரவரி 14ஆம் நாள் இலண்டன் மாநகரின் உணவகங்கள் அடைபட்டுக் கிடந்தன. காதலர் தினம் என்று ஆண்டுதோறும் வெளியே சென்று பணத்தை இறைத்துவந்த இணையர், கொரோனாவின் காரணமாக அவ்வாண்டு தம் வீட்டிலேயே சமைத்து உண்ண வேண்டியதாயிற்று. அந்நாள் நமக்குரியதன்று, அதைப் பற்றி இங்கே வாதாடப் போவதுமில்லை. ஆனால், கணவனும் மனைவியும் ஒரு கொண்டாட்ட நாள் முழுவதையும் நான்கு சுவர்களுக்குள் கழிப்பது எப்படியிருக்கும் என்பதை, அவர்களுக்கு முன்பே 2020 மே 25ஆம் நாள் நோன்புப் பெருநாளன்று திருநெல்வேலிச் சீமையிலே நாம் அறிந்துகொண்டோம். அந்தப் பெருநாளைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவ்வாண்டு மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. சில நாட்களிலேயே மேலப்பாளையத்துச் சாலைகளைத் தடுப்புகள் மறித்துக்கொண்டன. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர் என்னும் நபிமொழியை, ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்களுக்கு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் நினைவூட்டிய வரலாற்றை மதரஸாவில் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். பாடம் நடத்துவது எளிது. தெருமுனையில் மூங்கில் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நாட்களைக் கடத்துவது வேறு.

ஏப்ரல் 25இல் ரமலான் பிறந்தது. பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்ச வழியில்லை. நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு அவ்வாண்டு வழங்கிய 5,450 டன் பச்சரிசி, தன்னார்வலர் மூலம் வீடுகளுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டது. கஞ்சிப் பானை பள்ளியிலிருந்து அடுக்களைக்கு இடம் மாறிய முதல் ரமலான் அது.

நம் வீடுகளில் பெருநாள் எப்படிக் கழியும் என்பதைச் சகோதரிகள் நன்கறிவார்கள். விடியுமுன் எழுந்து இறைச்சி கழுவி, நெய்ச்சோற்றுக்கும் தால்சாவுக்கும் அடுப்பேற்றி, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்தி அனுப்புவதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆண்கள் தொழுதுவிட்டு வருவார்கள். வந்தவுடன் நண்பர்கள், உறவினர்கள், அங்கிருந்து வேறோர் இல்லம். விருந்தினர் உண்டெழுந்த பின், மாலை நெருங்கும் வேளையில், ஆறிப்போன சோற்றோடு அடுக்களையிலேயே அமர்வாள் இல்லத்தரசி. அவளுடைய புதுச் சேலையைக் கணவன் பார்த்தானா என்பதுகூட ஐயமே. பெருநாள் வாழ்த்தை ஊரெல்லாம் சொன்னவன் அவளுக்குச் சொல்ல மறந்திருப்பான்.

அந்த மே 25இல் போவதற்கு இடமில்லை, வருவதற்கும் ஆளில்லை. ஷாஃபியீ மத்ஹபினர் வீட்டிலேயே பெருநாள் தொழுகையை நிறைவேற்றினர். ஹனஃபி மத்ஹபில் அதற்கு ஜமாஅத் முதலிய நிபந்தனைகள் உண்டாதலால், வாய்ப்பில்லாதோர் லுஹா நஃபில் தொழுதுகொண்டனர். கூடத்தில் கணவன் முன்னிற்க, மனைவியும் மக்களும் பின்னின்று தக்பீர் முழங்கிய வீடுகள் பல. பேட்டையில் என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மனைவி பீடி சுற்றுபவர். இலை வரத்து நின்றதால் பீடித்தட்டு வாரக்கணக்கில் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பெருநாளன்று அந்தப் பெண்மணி பாயில் அமர்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாணவர் நெய்ச்சோறு ஆக்கினாராம். அரிசி சற்றுக் குழைந்துவிட்டது, உப்பும் கூடிவிட்டது. இருவரும் பிள்ளைகளும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, சிரித்துக்கொண்டே அதை உண்டு முடித்தார்களாம். பன்னிரண்டு ஆண்டு இல்லறத்தில் இருவரும் ஒன்றாக அமர்ந்துண்ட முதல் பெருநாள் சாப்பாடு அதுவே என்று அவர் சொன்னபோது, அதை எண்ணிப் பார்க்க எனக்கே சிறிது நேரம் பிடித்தது.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் பெருநாள் எப்படியிருந்தது? அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடிய பெருநாள் ஒன்றில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பின்னால் நின்று அதைக் கண்டுகளித்தார்கள். அன்னையவர்களுக்குச் சலிக்கும்வரை பெருமானார் அசையாமல் நின்றார்கள். போதுமா என்று கேட்ட பின்னரே விலகினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. வீட்டில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்றே அன்னையவர்கள் விடை பகர்ந்தார்கள். அத்தனை பொறுப்புகளைச் சுமந்தவர்களுக்குக் கிடைத்த நேரம், கடைத்தெருவில் நின்று பேசும் நமக்குக் கிடைக்கவில்லை என்கிறோம்!

வளைகுடா நாடுகளில் கணவரை விட்டிருந்த சகோதரிகளின் பெருநாள் வேறுவிதம். மார்ச் 23 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றுவிட்டன. மே 7 முதல் சிறப்பு விமானங்கள் பறந்தாலும் இடம் கிடைத்தவர் சிலரே. வழக்கமான சேவை திரும்பியது 2022 மார்ச் 27இல்தான். தம்ளரில் சாய்த்து வைத்த கைப்பேசியில் கணவன் முகம் பார்த்தபடி உண்ட பெண்களின் பொறுமைக்கு அல்லாஹ்வே கூலி வழங்குவான்.

எல்லா வீடுகளும் இப்படி இருந்தன என்று எழுதினால் அது பொய்யாகும். வருமானம் இழந்த ஆத்திரத்தை மனைவி மீது காட்டிய ஆண்களும் இருந்தார்கள். 2020இல் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்கள் 23,722. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் எந்த ஆண்டிலும் அத்தனை வந்ததில்லை. அவற்றுள் ஆயிரக்கணக்கானவை குடும்ப வன்முறை பற்றியவை. கதவடைப்பு கனிவை வளர்க்கவில்லை. உள்ளே இருந்ததைத்தான் வெளிக்காட்டியது. அடிபடும் சகோதரிகள் குடும்ப மானம் என்று மறைக்க வேண்டாம். 181 என்னும் எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம்.

நம் தாமிரபரணிக் கரையில் பத்தமடை இருக்கிறது. ஆற்றோரக் கோரையை ஓடும் நீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, நம் சமுதாயப் பெண்கள் நெய்யும் பட்டுப்பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் அதிலேயே நெய்து தருவார்கள். ஐம்பது பேருக்கு மேல் கூடாதென்ற விதியால் அக்கோடையில் பல திருமணங்கள் கூடத்தளவில் நடந்தன. மஹர் உண்டு, வலீமா சிறிது, கடன் இல்லை. அந்த எளிமை நிலைத்திருக்கலாகாதா என்று நான் ஏங்குவதுண்டு. நம்மில் பலர் அந்தப் பெயர்ப்பாயைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டோம். பெருநாளன்றாவது அதை இறக்கி விரித்து இருவரும் அமரலாம்.

2021 மே 14இல் வந்த பெருநாளும் ஊரடங்கில்தான். இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு அலைந்த நாட்கள் அவை; அதை நினைக்க மனம் ஒப்பவில்லை. 2022 மே 3இல் திடல்கள் நிறைந்தன, அல்ஹம்து லில்லாஹ். அன்று பிற்பகல் நான் சென்ற வீடுகளில் பெண்கள் மீண்டும் அடுக்களையிலேயே இருந்தார்கள். பேட்டை மாணவர் மட்டும் தொழுகை முடிந்ததும் நேரே வீடு திரும்பிவிட்டார். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டேன். அரிசி ஊறப்போட்டு வந்திருக்கிறேன், ஹஜ்ரத் என்றார்.