ஊவாத் தோட்ட இலயங்கள்: அமைப்பும் பயன் மாற்றமும்

பதுளையிலிருந்து பசறைக்கோ பண்டாரவளைக்கோ செல்வோர், தேயிலைச் சரிவுகளினிடையே நீண்டு கிடக்கும் தகரக் கூரைகளைக் காணாதிரார். ஒரே கூரையின்கீழ், இடைச்சுவர்களைப் பொதுவாகக் கொண்டு வரிசையாக அமைந்த இக்குடியிருப்புகளே இலயங்கள் எனப்படுவன. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லே இலயமாகத் திரிந்தது. 'காம்பரா' என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்தும், முன்தாழ்வாரத்தைக் குறிக்கும் 'இஸ்தோப்பு' என்பது ஒல்லாந்த மொழியிலிருந்தும் வந்து வழங்குவன. குதிரை லாயத்தோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். சொல் வரலாறு அதற்கு இடந்தராது; பொருட்பொருத்தம் இல்லையென மறுத்தல் எளிதன்று.

சுவரைப் பகிர்ந்து நிற்கும் தொடர்வீடு தன்னளவில் இழிந்ததன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் 1767 முதல் 1774 வரை பிறைவடிவில் எழுப்பப்பட்ட முப்பது வீடுகளும் தொடர்வீடுகளே. செல்வர் தங்கிய அவ்வரிசையில் இன்று ஒரு வீடு அரும்பொருட் காட்சியகம். நடுவில் உள்ளது விடுதி. பல, மாடிக் குடியிருப்புகளாகப் பிரிந்துள்ளன. உரிமையுடையோர் தம் தேவைக்கேற்பப் பயனை மாற்றினர். இலயத்தில் நிகழ்ந்ததோ வேறு.

கோப்பிக் காலத்திற் தமிழகத்திலிருந்து வந்தோரிற் பலர் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களுக்கு வேண்டியது இரவிற் படுக்க ஓரிடமே. புல்வேய்ந்த மண்சுவர்க் கொட்டில் அதற்குப் போதுமெனக் கருதப்பட்டது. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆதலின் தொழிலாளர் குடும்பத்தோடு நிலைத்து வாழலாயினர். கல்லும் தகரமும் வந்தன. ஆனால் அமைப்பு மாறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஓர் அறை, அதன்முன் ஓர் இஸ்தோப்பு: வழிப்போக்கனுக்கு வகுத்த அளவே தலைமுறைகளுக்கும் வீடாயிற்று.

இரட்டை இலயங்களில் நிலை இன்னும் கடிது. இரு வரிசைகள் முதுகோடு முதுகாக நிற்பதால் பின்புறச் சாளரத்துக்கு இடமில்லை. இவ்வகை வீடுகளைப் புதிதாகக் கட்டுவதை இங்கிலாந்து 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் நாட்டில் தடைசெய்தது என்பது நினைக்கத்தக்கது.

இனி, குடியிருந்தோர் செய்த மாற்றங்கள். இஸ்தோப்பின் ஒரு பாதியை மறைத்து அடுப்பு வைத்தனர். மறுபாதி விருந்தினர்க்கும் முதியோர்க்கும் உரியதாயிற்று. மகனுக்கு மணமானால் காம்பராவின் குறுக்கே ஒரு சேலையே சுவராயிற்று. பிள்ளைப்பேறும், படிப்பும், நோயும், சாவும் அந்த நூற்றிருபது சதுர அடிக்குள்ளேயே நிகழ்ந்தன. இடம் கிடைத்தவிடத்துப் பின்புறம் ஒரு குசினி இறக்கப்பட்டது. கட்டடக்கலை நூல்கள் இவற்றைக் கணிப்பதில்லை. கைப்பொருளும் உரிமையும் இல்லாதவிடத்து ஓர் அறையை வீடாக்கிய இத்திறமும் கட்டடக்கலையே.

வேலை போயின் காம்பராவும் போகும் என்பதே வழக்கமாயிருந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியா சென்றனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. எக்கை மாறினும், காம்பராவின் கீழுள்ள மண் குடியிருந்தோர் கைக்கு வரவில்லை.

இதன் விளைவு வெறும் வசதிக்குறைவன்று. கொஸ்லந்தை மீரியபெத்தைச் சரிவு ஆபத்தானதென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து சென்று குடியமரச் சொந்த நிலமற்றோர் அங்கேயே இருந்தனர். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் மலை சரிந்து இலயங்களை உயிர்களோடு மூடியது.

அதன்பின் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்பது அரசின் கொள்கையாயிற்று. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. இந்திய உதவியுடன் எழும் வீடுகள் 550 சதுர அடி கொண்டவை. நாற்புறமும் சாளரம் வைக்கத்தக்க சுவர்கள் அவற்றுக்கு உண்டு. ஆயினும் தோட்டங்களிற் பல குடும்பங்கள் இன்னும் இலயங்களிலேயே வாழ்கின்றன. புதுவீடு புகுந்தோரிலும் காணியுறுதி கைக்குக் கிட்டாதோர் உளர்.